டேங்கில் என்ன எண்ணெய் என்று கேட்டால்

அருள், இந்தக் கடிதத்தை யாரும் எனக்காக எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதி, நடுவில் தன் பங்குக்கு நாலு வரி சேர்த்து, யார் சொன்னது எது என்று தெரியாமல் நீ படித்த கடிதங்களின் காலம் முடிந்தது. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது போகிறது. போகட்டும், எனக்கு வேறு என்ன வேலை. எழுதிய வரியை நானே வாய்விட்டுப் படிக்கும்போது, சரியாக ஓடுகிற எஞ்சினைக் கேட்பது போல இருக்கிறது. நேற்று கொல்லையில் துருப்பிடித்து நிற்கும் நம் பழைய வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். டேங்க் மூடிக்குப் பக்கத்தில் பெயிண்டர் எழுதிவைத்ததை முதல் தடவையாகப் படித்தேன். ‘டீசல் மட்டும்’ என்று இருக்கிறது. இத்தனை வருஷமும் அது ஏதோ புனிதர் பெயர் என்று நினைத்திருந்தேன். அந்த டேங்கில் நானும் உன் மாமாவும் என்னவெல்லாம் ஊற்றினோம் என்று நினைத்து அங்கேயே நின்று சிரித்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

உன் கடிதத்தையும் நானே படித்தேன். பாண்டிச்சேரியில் சொந்தமாக டீசல் வேன் வாங்கிவிட்டாய், தை மாதம் கல்யாணம், அதற்குள் வண்டி நாலு காசு சம்பாதிக்க வேண்டும், அந்தக் காலத்தில் மாமாவும் நானும் காய்ச்சிய எண்ணெயை எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறாய். எல்லாம் சந்தோஷம். ஆனால் கடைசியில் விளையாட்டாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். ‘சுரக்குடி கதையை மாமா சொன்னார், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் டீசல் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருப்பேன்.’ மற்ற வரிகளை ஒரு தடவைதான் படித்தேன். இதை மட்டும் பல தடவை படித்தேன். மாமா அந்தக் கதையைச் சிரிப்பாகத்தான் சொல்வார். அவர் அன்று வண்டியில் இல்லை. நான் இருந்தேன். அதனால் எண்ணெய் காய்ச்சும் விதத்தையும் எழுதுகிறேன், அன்று நடந்ததையும் எழுதுகிறேன். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

டீசல் கிடைக்காமல் போன அந்த வருஷம் நீ பாண்டிச்சேரியில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தாய். பெட்ரோல் பங்கில் விடியலிலிருந்து டின்னோடு வரிசை நிற்கும். நமக்கு வாய்த்தது அந்த ஒரு வேன். கிராமங்களுக்கு உர மூட்டை, விதை மூட்டை ஏற்றிப் போவேன். வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும். அப்போதுதான் உன் அந்துவான் மாமா வந்து தின்பண்டத்தைத் தின்றுகொண்டே சொன்னார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா என்பது உனக்குத் தெரியும். சைகோனில் சண்டைக் காலத்தில் கப்பல் வராமல் போனபோது லாரியெல்லாம் கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும்தான் ஓடின என்றார்.

“எண்ணெய அப்படியே ஊத்தினா நாசில் அடைச்சுக்கும் மச்சான். அதோட கொழுப்ப எறக்கணும். ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் போட்டா கொழுப்பு கீழ போயிரும், மேல தெளிவா நிக்கும். வுவாலா, பாத்துக்க, அதான் டீசல்.”

“உங்க வாலாவும் போலாவும் ஒரு நா எங்க கூரையக் கொளுத்தப் போவுது” என்றாள் உன் அம்மா.

எண்ணெய்க்கு எங்கே போவது? நல்லெண்ணெய் வாங்கி ஊற்றினால் டீசலைவிட விலை. அதற்கும் மாமாவே வழி சொன்னார். திருநள்ளாற்றில் சனிக்கிழமை சனிக்கிழமை ஜனம் வந்து தலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகும். மீந்த எண்ணெயைப் பாட்டிலோடு படியிலேயே வைத்துவிட்டு, பிடித்த சனி இத்தோடு விட்டது என்று திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அந்த மிச்ச எண்ணெயைச் சேர்த்துத் தகர டின்னில் ஊற்றி, சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்குக் கொடுக்கிற ஆள் ஒருவர் இருந்தார். அவரிடம் வாங்கினோம். எனக்கு அது வெறும் எண்ணெய். உன் அம்மாவுக்கு அப்படி இல்லை. “அவங்க வேணான்னு விட்டுட்டுப் போனத நீங்க கொண்டாந்து நம்ம அடுப்புல ஏத்துறீங்க” என்று சொல்லி, டின்னைச் சுற்றி மந்திரித்த தண்ணீர் தெளித்தாள். தண்ணீர் எண்ணெயில் விழுந்துவிடப் போகிறது என்று மாமா டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் தடவை நாங்கள் செய்த தப்பைக் காரைக்காலில் இருக்கிறவன்தான் செய்வான். ஸ்பிரிட் வேண்டும் என்றதும் மாமா நேரே சாராயக்கடைக்குப் போனார். எல்லையைத் தாண்டினால் மதுவிலக்கு, ஒரு சொட்டுக்குக்கூடப் பிடித்துக்கொண்டு போவார்கள், நமக்கு என்ன, தெருவுக்குத் தெரு கடை. பெரிய கேனில் வாங்கிவந்து, காஸ்டிக் சோடாவைக் கரைத்து, எண்ணெயில் ஊற்றிக் கிண்டினார். மறுநாள் பார்த்தால் அண்டா முழுக்கக் கொழகொழவென்று சோப்பு. கடைச் சாராயத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் சேர்ந்தால் எண்ணெயும் காஸ்டிக்கும் சோப்பாகத்தான் போகும். உன் அம்மா அதை வீணாக்காமல் அந்த வாரத் துணியெல்லாம் துவைத்துவிட்டாள். வெயிலில் காய்ந்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஜனக்கூட்டமும் புழுக்கமும் சேர்ந்ததும் என் சட்டை சாராய வாசனை விட ஆரம்பித்தது. சாமியார் நன்மை அப்பம் கொடுக்க வந்தவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பூசை ஒயின் பாட்டில் இருக்கும் அலமாரிப் பக்கம் என்னை விடவில்லை என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆகவே முதலில் இதைக் கேள். ஸ்பிரிட்டில் ஈரம் இருக்கக் கூடாது. மர வேலை செய்கிறவர்கள் பாலிஷ் போட வாங்கும் ஸ்பிரிட்டை வாங்கு. அதிலும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். சூளையில் சுட்டு எடுத்து, தண்ணீர் படாமல் இருக்கிற கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கட்டியாக அதில் போட்டு மூடிவைத்தால் ஈரத்தைச் சுண்ணாம்பு குடித்துவிடும். பிறகு தெளிவை மட்டும் இறுத்துக்கொள். எண்ணெயை வடிகட்டி, சடசட சத்தம் அடங்கும் வரை காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடு. அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே காற்றோட்டமாக வைத்துத்தான் ஸ்பிரிட் கேனைத் திறக்க வேண்டும். மாமாவின் மீசை ஒரு பக்கம் மட்டும் குட்டையாக இருந்த போட்டோ வீட்டில் இருக்கிறது, வந்தால் பார். காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் கண் போய்விடும், அதைக் கையாலும் தொடாதே. அளவை மாமாவைக் கேட்டு வாங்கிக்கொள். காஸ்டிக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, எண்ணெயில் ஊற்றிக் கலக்கி அசையாமல் வைத்தால் கறுப்பாகக் கெட்டியாக ஒன்று அடியில் தங்கும். மேலே தேன் நிறத்தில் நிற்பதை மட்டும் எடுத்து, தண்ணீர் விட்டு மெதுவாக அலசி, கலங்கல் போகும்வரை அலசி, மறுபடியும் சூடாக்கி ஈரத்தைப் போக்கு. பாதிக்குப் பாதி டீசலோடு சேர்த்து ஊற்று. வண்டி நன்றாகவே ஓடும். புகை கொஞ்சமாக வரும். ஆனால் வண்டி போகிற வழியெல்லாம் கோயிலில் விளக்கு எரிகிற வாசனை வரும். அந்த வாசனையை மறைக்க ஒரு வழியும் இல்லை. சுரக்குடியில் அதுதான் என்னைப் பிடித்துக்கொடுத்தது.

மழைக்காலம். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் சுரக்குடியில் விதை மூட்டை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினேன். கலியபெருமாளின் மனைவி சேற்றில் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். கலியபெருமாள் அங்கே நிலம் வைத்துப் பயிரிடுகிறவர், என் வயதுதான் இருக்கும், அவர் வீட்டுக்கும் மூட்டை இறக்கியிருக்கிறேன். அவர்கள் மகள் செல்விக்குத் தலைப்பிரசவம். புருஷன் வெளிநாட்டில். காலையிலேயே நீர்க்குடம் உடைந்துவிட்டது. சைக்கிளில் வந்து பார்த்த கிராம நர்ஸம்மா கையைக் கழுவிக்கொண்டே, “புள்ள குறுக்க கெடக்கு. இங்க வெச்சு ஒன்னும் பண்ண முடியாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க, ஒடனே” என்று சொல்லியிருக்கிறாள். பஸ் ஓடவில்லை. டாக்ஸி எல்லாம் டீசல் இல்லாமல் நிற்கிறது. ஓடுகிற வண்டி அந்தப் பக்கத்தில் என் வண்டி ஒன்றுதான்.

வண்டியைப் பின்பக்கமாக வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. காலி மூட்டைகளை விரித்து, மேலே பாய் போட்டார்கள். செல்வியை நர்ஸம்மாவும் அவள் அம்மாவும் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தார்கள். அவள் முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. கலியபெருமாள் தலைமாட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தவர், வண்டிக்குப் பின்னால் புகையில் வந்ததும் நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

“என்னாங்க இது, வெளக்கெரியிற வாசம் வருது?”

நான் பின்கதவை இன்னும் அகலமாகத் திறந்தேன்.

“வேன்காரரே, ஒங்களத்தான் கேக்குறேன். டேங்குல என்னா எண்ணெ ஊத்தியிருக்கீங்க?”

அருள், நீ சொல்லியிருப்பேன் என்று எழுதிய வார்த்தை என் வாய்க்குள் வந்துவிட்டது. ‘டீசல்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பெண் அப்படியே படியேறிப் படுத்திருப்பாள். ஆனால் அவர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். சும்மா கேட்கிறவர் அப்படிக் கேட்கமாட்டார்.

“பாதி டீசல் அண்ணே. பாதி நல்லெண்ணெ. நாங்களே காய்ச்சினது.”

“நல்லெண்ணெ எங்க வாங்கினது?”

“கொளத்துப் படியில மீந்தது.”

அவர் கையிலிருந்த தலையணை சேற்றில் விழுந்தது. “அவள எறக்கு” என்றார். இன்னும் ஏற்றவே இல்லை. ஆனாலும் எறக்கு என்றுதான் சொன்னார். “போன சனிக்கெழம இவளுக்கு ஏழரை நடக்குதுன்னு, இவளால முழுவ முடியாதுன்னு, இவளுக்காக நான் போயி தேச்சு முழுவிட்டு வந்தேன்யா. அந்த எண்ணெயிலயா எம் பொண்ண ஏத்தச் சொல்ற? நான் விட்டுட்டு வந்தத எங்கூட்டு வாசலுக்கே ஓட்டியாந்திருக்கியே, நீயெல்லாம் மனுசனா?”

மாட்டு வண்டியைப் பூட்டச் சொல்லி யாரையோ கூப்பிட்டார். அந்தச் சேற்றில் மாட்டு வண்டி காரைக்கால் போய்ச் சேர இருட்டிவிடும். நர்ஸம்மா கத்தினாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, அந்த வாசனையும் வந்துகொண்டே இருந்தது. அதை அணைத்தால் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ என்று எனக்குப் பயம். செல்வி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். வலி வரும்போது கதவு அதிர்ந்தது. ஒரு வார்த்தையால் நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன், அந்த வரியை இப்போது அடித்து அடித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

அவர் மனைவி செல்வியை நர்ஸம்மாவிடம் விட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு எதிரில் வந்து நின்றாள்.

“அங்க கோயில்ல எண்ணெய என்னா பண்றாங்க? ஊத்தி எரிக்கிறாங்கல்ல. இங்கயும் எரிஞ்சுதான போவுது. எரிஞ்சு பொகையா போனதுக்கப்பறம் அதுல என்னா இருக்கு ஒங்கள வந்து புடிக்க?”

“வெளக்குல ஊத்தறது வேற, தேச்சு விட்டது வேற. ஒனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரிய வேணாம். எம் புள்ள சாவப்போறது தெரியுது, போதும்.”

அப்போது செல்வி நிமிர்ந்தாள். “அப்பா, நா ஏறிக்கறேன். நீ வரலன்னா இங்கயே இரு” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு அவளாகவே முழங்காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். நானும் நர்ஸம்மாவும் தாங்கிப் பிடித்தோம். வண்டியை எடுக்கும்போது முன்கதவு திறந்தது. கலியபெருமாள் ஏறி என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். சாலையைப் பார்த்துக்கொண்டு, “போங்க” என்றார்.

குளத்தில் முழுகிவிட்டு வருகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்னேன் இல்லையா. அவர் அந்த விதியை என் வண்டிக்குள்ளேயே பிடித்துக்கொண்டார். விட்டது மறுபடியும் பின்னால் வருகிறது, திரும்பினால் பிடித்துக்கொள்ளும், அதுவும் தன் வழியாக மகளைப் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்குப் பயம். கழுத்தைக் கட்டை போல வைத்துக்கொண்டு நேரே பார்த்தார். பின்னால் செல்வி வலியில், “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டாள். அவர் கைகள் மடியில் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. “கல்லு மாதிரி ஒக்காந்திருக்கீங்களே, ஒரு தடவ என்னான்னு கேளுங்களேன்” என்று நர்ஸம்மா திட்டினாள். அதற்கும் அவர் அசையவில்லை. நான் பள்ளத்தைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஓட்டினேன்.

திருநள்ளாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டியின் இழுவை குறைந்தது. மிதித்தேன், ஏறவில்லை. இருமுவது போல இரண்டு மூன்று தடவை குலுங்கிவிட்டு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற வயல். ஒரு ஆள் கண்ணில் படவில்லை. மழை மேற்கூரையில் விழுகிற சத்தமும் செல்வியின் குரலும்தான் கேட்டது. கலியபெருமாள் அப்போதும் நேரே பார்த்துக்கொண்டு, மிகவும் மெதுவாக, “நின்னுருச்சா?” என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

இதை நன்றாகக் கேட்டுக்கொள், உன் வண்டியும் பழைய வண்டி. இந்த எண்ணெய் டேங்கில் வருஷக்கணக்காக ஒட்டியிருக்கிற அழுக்கையெல்லாம் கழுவி எடுத்துவிடும். கழுவின அழுக்கு நேரே போய் ஃபில்டரில் உட்காரும். எங்களுக்கு அது தெரியாது. சைகோனில் புது லாரி ஓட்டின மாமாவுக்கும் தெரியாது. நம் வேனில் எஞ்சின் பெட்டி முன்சீட் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது அல்லவா, அதன் மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றினேன். கறுப்பாகக் கூழ் போல அப்பியிருந்தது. கிளப்புவதற்காக ஒரு சின்ன கேனில் நல்ல டீசல் எப்போதும் வைத்திருப்பேன், அதில் ஒரு பகுதியை ஊற்றிக் கழுவி மாட்டினேன். ஆனால் குழாயில் காற்று ஏறிவிட்டது. காற்றை எடுக்காமல் எஞ்சின் பிடிக்காது. திருகைத் தளர்த்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், கைப்பம்பை அடிக்க ஒரு ஆள் வேண்டும். பின்னால் இருந்த இரண்டு பெண்களும் செல்வியை விட்டு நகர முடியாது.

“அண்ணே, பம்ப் அடிக்கணும். அது பெட்டிக்குப் பின்பக்கம் இருக்கு. இந்தப் பக்கம் திரும்பி முட்டிபோட்டாத்தான் எட்டும்” என்றேன்.

அவர் காதில் விழுந்தது தெரிந்தது. ஆனால் திரும்பவில்லை. நான் என்ன சொல்வது? உங்கள் நம்பிக்கை தப்பு என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? எனக்கும் என் வீட்டில் மந்திரித்த தண்ணீர் இருக்கிறது. “நான் அடிக்கிறேன், நீங்க திருகப் புடிங்கன்னு சொல்லலாம். ஆனா அதுக்கும் திரும்பித்தான் ஆவணும்” என்று மட்டும் சொன்னேன். பின்னால் செல்வி அழுவதை நிறுத்தியிருந்தாள். அழுவது நின்றதும் அவர் தோள் குலுங்கியது. “செல்வி” என்று கூப்பிட்டார், சாலையைப் பார்த்துக்கொண்டே. பதில் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பதில் வரவில்லை.

அவர் திரும்பினார். முழு உடம்போடு திரும்பிச் சீட்டில் முட்டி போட்டு, எஞ்சின் பெட்டிக்கு மேலாக மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறந்துதான் இருந்தாள், பேசத் தெம்பில்லை. “அப்பா இங்கதாண்டா இருக்கேன்” என்று அவர் சொல்லிக்கொண்டே என் பக்கம் பார்க்காமல் பம்பைத் தேடிக் கையை நீட்டினார். நான் அவர் கையை எடுத்துப் பம்பில் வைத்தேன். அவர் அடித்தார். திருகு வழியாக முதலில் நுரை வந்தது, பிறகு அந்த எண்ணெய் வந்தது. அவர் விரல், மணிக்கட்டு, முழங்கை வரைக்கும் வழிந்தது. அவர் எது தன் மேல் வழிகிறது என்று தெரிந்துதான் அடித்தார். அடிக்க அடிக்க மகளோடு பேசிக்கொண்டே இருந்தார், மாட்டைப் பற்றி, அவள் புருஷன் போட்ட கடிதத்தைப் பற்றி, என்னென்னவோ. நுரை நின்றதும் திருகை இறுக்கிச் சாவியைப் போட்டேன். இரண்டாம் தடவையில் பிடித்துக்கொண்டது. அவர் முன்சீட்டுக்கு வரவில்லை. எஞ்சின் பெட்டியின் மேலாகவே ஏறிப் பின்னால் போய், அந்த எண்ணெய்க் கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷனுக்குக் கொண்டு போனார்கள். நாங்கள் வராந்தாவில் இருந்தோம். நான் அந்த வராந்தாவில் செய்த ஜெபத்தை எந்தப் பூசையிலும் செய்ததில்லை. பெண் குழந்தை. எடுத்ததும் அழவில்லை. உள்ளே கேட்கிற சத்தங்களில் அழுகைச் சத்தம் மட்டும் இல்லை. கலியபெருமாள் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். சுரக்குடி வாசலில் எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க என் தலையில் ஓடியது. பிறகு பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடியும் பலமாக வந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

சாயங்காலம் அவர் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தார். நின்றுகொண்டே குடித்தோம்.

“டீசல்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நா அப்பவே ஏத்தியிருப்பேன்.”

“ஆமாண்ணே.”

“அப்ப ஏன் சொன்னீங்க?”

“கேட்டீங்களே.”

அவர் டம்ளரை ஆட்டிக்கொண்டே இருந்தார். “வழியில நின்னுச்சுல்ல. நீங்க பொய் சொல்லி, அந்த எடத்துல வெச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சிருந்தா, ஃபில்டரக் கழட்டும்போதுதான் அந்த எண்ணெயப் பாத்திருந்தா, நா பம்பத் தொட்டிருக்க மாட்டேன். ஒங்க கழுத்தத்தான் தொட்டிருப்பேன்” என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மாமா இந்த இடத்தில்தான் சிரிப்பார்.

அதனால் நான் செய்தது சரி என்று எழுத வரவில்லை, அருள். குழந்தை அழுததால்தான் இதை நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அழாமல் போயிருந்தால், உண்மையைச் சொன்னேன் என்று அந்தத் தாய் முன்னால் போய் நிற்க என்னால் முடிந்திருக்குமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் வண்டியில் ஏறுகிறவர் வண்டிக்காரன் கையில் தன் உயிரைக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருகிறார். அவர் கேட்டால் சொல்ல வேண்டும். அவர் ஏறமாட்டார் என்று தெரிந்தாலும் சொல்ல வேண்டும். நாம் பொய் சொல்லி ஏற்றிவிட்டால், வண்டி நிற்கிற இடத்தில் நாம் தனியாகத்தான் நிற்போம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதுவும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

இனி உன் வண்டி விஷயம். எண்ணெயை ஊற்றுவதற்கு முன்னால் டேங்கை இறக்கிக் கழுவு. ஃபில்டர் ஒன்று கூடுதலாக வாங்கி வை. சின்னக் கேனில் சுத்தமான டீசல் இல்லாமல் வண்டியை எடுக்காதே. குழாய் ரப்பரெல்லாம் இந்த எண்ணெயில் ஊறிப்போகும், அடிக்கடி தொட்டுப் பார். கல்யாணச் சவாரிக்கும் ஆஸ்பத்திரிச் சவாரிக்கும் இதை ஊற்றாதே. பங்கில் வரிசையில் நின்றாவது டீசல் வாங்கு.

எல்லாம் செய்து முடித்து முதல் தடவை ஊற்றுகிற அன்றைக்கு யாரையும் ஏற்றாதே. எனக்கு எழுது. இப்போது எனக்குப் பஸ் போர்டு படிக்கத் தெரியும், யாரையும் கேட்காமல் வந்து சேருவேன். உன் வண்டியில் முதல் சவாரி நான்தான். பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரோ தெரியாத ஆள் மாதிரி, “தம்பி, டேங்குல என்னா ஊத்தியிருக்க?” என்று கேட்பேன். நீ பதில் சொல்லிவிட்டு வண்டியை எடு.

உன் அப்பா